காயத்தின் குரலும் அன்பின் குரலும்

மனம் சோர்ந்து வருபவரிடம், “உம் செபம் போதவில்லை” என்று சொல்லியனுப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. அவ்வாறு சொல்லப் பழகிய நாவை அடக்க வல்லது, ஹென்றி நூவென் எழுதிய ‘தி இன்னர் வாய்ஸ் ஆஃப் லவ்’ என்னும் சிறுநூல்.

நூவென் 1957இல் குருப்பட்டம் பெற்றவர், நெதர்லாந்து நாட்டினர், உளவியல் கற்றவர், யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர். 1986இல், கனடாவில் டொரண்டோ நகருக்கு அருகே அறிவுத்திறன் குறையுடையோர் கூடிவாழும் ‘டேபிரேக்’ இல்லத்தில் சேர்ந்தார். அவருடைய ஆழ்ந்த நட்பொன்று 1987இன் இறுதியில் முறிந்தது. பிறர் காயங்களை ஆற்றியவர் உறக்கமிழந்தார், மணிக்கணக்கில் அழுதார். இல்லத்தை விட்டு ஆறு மாதம் விலகி, வழிகாட்டிகளின் துணையை நாடினார். அந்நாள்களில் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட அறிவுரைகளே 1996இல் நூலாக வெளிவந்தன. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

நூலின் உயிர் அதன் ‘நீ’ என்னும் விளிப்பில் உள்ளது. பிறருக்குப் போதிக்காமல், நொறுங்கிய தம் மனத்தை நண்பனைப்போல் அழைத்துப் பேசுகிறார். இறைவன் மட்டுமே நிரப்பக்கூடிய வெறுமையை மனிதர் ஒருவர் நிரப்ப வேண்டுமெனக் கேட்பது அவரையும் நசுக்கும் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே அன்புக்கும் எல்லை வேண்டும் என்கிறார். கெத்சமனியில் இயேசுவும் நண்பர்களின் துணையைக் கேட்டார். அவர்கள் உறங்கியபோதும் அவர்களைத் தள்ளிவிடவில்லை. தம் பாரத்தையோ தந்தையிடமே வைத்தார்.

குறைகளும் உண்டு. ஒரே கருத்து பலமுறை திரும்ப வருகிறது; ஒரே மூச்சில் படிக்க வேண்டாம் என்று ஆசிரியரே எச்சரிப்பது பொருத்தமே. நண்பரின் சுமையை நாம் அவர் வாயால் கேட்பதில்லை. அடியும் வசையும் வாங்கும் மனைவிக்கு இந்நூல் மட்டும் போதாது; அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. ஆறு மாத ஓய்வு கூலித் தொழிலாளிக்கு வாய்க்காது என்பதையும் மறக்கலாகாது.

ஆயினும், உதவி கேட்பது விசுவாசக் குறைவு அன்று என்பதை ஒரு குருவே தம் கண்ணீரால் மெய்ப்பித்திருக்கிறார். சாவை விரும்பிச் சூரைச்செடியின் அடியில் படுத்த எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. உணவு தந்தார், மீண்டும் உறங்கவிட்டார். பயணம் அதன் பிறகே தொடங்கியது. நம் வீட்டில் சோர்ந்திருப்பவருக்கு நாம் முதலில் தருவது அப்பமா, அறிவுரையா?