பாதி விலை, முழு பில்

நட்சத்திர ஹோட்டலில் 'மதிய பஃபே பாதி விலை' என்று விளம்பரம் பார்த்தால் உங்களுக்கும் நாக்கு ஊறும்தானே? சென்னையில் அப்படி ஒரு ஹோட்டலுக்கு நானும் மனைவியும் போனோம். பெயர் வேண்டாமே.

முதலில் சாப்பாடு. மீன் குழம்பு பிரமாதம், அசல் வீட்டு ருசி. பிரியாணி ஆறிப்போய், அரிசி தனி, மட்டன் தனி. எட்டு வகை கேக்கில் கலர்தான் எட்டு, ருசி ஒன்றுதான். தட்டு எடுக்கிற இடத்திலேயே சாலட், பிரெட், நூடுல்ஸ். மீனும் மட்டனும் கடைசி மூலையில். போகிற வழியிலேயே வயிறு நிரம்பட்டும் என்கிற கணக்கு!

சரி, பில்? தலைக்கு 1,400 ரூபாய் சாப்பாடு 700-க்கு. இரண்டு பேருக்கு 1,400. தண்ணீர் பாட்டில் 150. பத்து சதவிகித சர்வீஸ் சார்ஜ் 155. அத்தனைக்கும் சேர்த்து 18 சதவிகித ஜி.எஸ்.டி. மொத்தம் 2,012. 700 ரூபாய் சாப்பாடு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

வரி கட்டித்தான் ஆகணும். பாட்டில் தண்ணீரை எம்.ஆர்.பி.க்கு மேல் ஹோட்டல்கள் விற்கலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆனால், சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னது. டெல்லி ஹைகோர்ட் 2025-ல் அதை உறுதி செய்தது. "இதை எடுத்துடுங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். வரியோடு சேர்த்து 183 ரூபாய் மிச்சம். கேட்காத மற்ற மேஜைகள்?

அந்த மீன் குழம்புக்காகத் தாராளமாகப் போகலாம். டிப்ஸைப் பரிமாறியவர் கையிலேயே கொடுங்கள். பில்லை மட்டும் கீழிருந்து மேலே படியுங்கள்.