நான்கு காதுகள், ஒரு சிக்னல்

அக்டோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதி. உலகப் பொது நேரத்தில் சனிக்கிழமை பிறக்கும் கணம், நம் ஊரில் விடியற்காலை 5.30. அதுவரை இரண்டொரு குரல் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த ஷார்ட்வேவ் பேண்டுகள் அந்த நொடியில் விளிம்புவரை நிறைந்துவிடும். பின்லாந்து, ஜப்பான், பிரேசில், கென்யா என்று ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து ஒரே கூப்பாடு: "சிக்யூ கான்டெஸ்ட்!" பொழுதுபோக்காக வானொலி நிலையம் இயக்கும் ஹாம் ரேடியோக்காரர்களின் பெருந்திருவிழாவான சிக்யூ வேர்ல்டு வைட் போட்டி தொடங்கிவிட்டது. 1948-இல் பிறந்த போட்டி இது. திங்கள் விடியற்காலை 5.29 வரை, 48 மணி நேரம் ஓயாது. நவம்பர் கடைசியில் மோர்ஸ் ஒலியில் இன்னொரு சுற்று உண்டு.

இதில் தனியாக ஆடுபவர்களே அதிகம். பெரிய கோபுரங்களும் பத்துப் பன்னிரண்டு ஆட்களுமாக இறங்கும் அணிகளும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே, வீட்டின் ஓர் அறையில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கால் சைனில், அதாவது நிலையத்தின் அழைப்புக் குறியில், ஆடும் ஆட்டம் இருக்கிறதே, ரசிகனுக்கு அதுதான் விருந்து. பெரிய அணியின் வெற்றியில் பாதி அதன் ஆன்டெனாக்களுடையது. இருவர் ஆட்டத்தில் எல்லாமே காதிலும் தீர்மானத்திலும் இருக்கிறது.

பரிமாறிக்கொள்வது மிகக் கொஞ்சம். கால் சைன், சிக்னலின் தரம், மண்டல எண். உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 22. ஆகவே இங்கிருந்து போவது "ஃபைவ் நைன், டூ டூ". எதிர்முனை தன் எண்ணைச் சொல்லும், ஒரு நன்றி, அடுத்த ஆள். கைதேர்ந்தவர்களிடம் இது சில விநாடிகளில் முடிந்துவிடும். நலம் விசாரிப்பு கிடையாது, வானிலைப் பேச்சு கிடையாது. வெளியிலிருந்து கேட்பவருக்கு வறட்டு எண்களாகத் தோன்றலாம். ஆட்டத்தின் சுவை கணக்கில் ஒளிந்திருக்கிறது.

இந்தியாவிலிருந்து ஆடுபவருக்கு வேறு கண்டத்து நிலையம் 3 புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாடு 1 புள்ளி, சொந்த நாடு 0. 1.8 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை ஆறு பேண்டுகள். ஒவ்வொரு பேண்டிலும் புதிதாகக் கிடைக்கும் நாடு ஒரு பெருக்கி, புதிய மண்டலமும் ஒரு பெருக்கி. மொத்தப் புள்ளிகளைப் பெருக்கிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதுதான் ஸ்கோர். 3 புள்ளித் தொடர்புகள் 1,000, பெருக்கிகள் 200 என்று கையில் இருந்தால் ஸ்கோர் 6,00,000. அந்த நிலையில் சாதாரணமாக இன்னொரு ஐரோப்பியரைப் பிடித்தால் 600 கூடும். ஒரு புதிய பெருக்கியோ 3,000-ஐக் கூட்டும். வரிசையில் நிற்கும் ஐந்து ஜெர்மானியர்களைவிட, எங்கோ மங்கலாக முனகும் ஒரு மொரீஷியஸ் நிலையம் மதிப்பு மிக்கது.

அந்தமானைப் பாருங்கள். ஹாம் உலகின் பட்டியலில் அது இந்தியாவிலிருந்து பிரிந்த தனி 'நாடு', மண்டலமும் 26. சென்னைவாசிக்கு அது 1 புள்ளிதான் தரும். ஆனால் அந்த பேண்டில் முதன்முறை என்றால் நாடு ஒன்று, மண்டலம் ஒன்று என இரண்டு பெருக்கிகள். அரிதாகவே ஒலிக்கும் இடம் அது. இந்திய ஹாம் பாரதி பிரசாத் 2004 டிசம்பரில் அங்கிருந்து VU4RBI என்ற கால் சைனில் அழைத்தபோது உலகம் முழுவதும் ஹாம்கள் முண்டியடித்ததற்கு இந்த அருமையே காரணம். அதே மாதம் 26-ஆம் தேதி சுனாமி அடித்தது. கூச்சலுக்கு நடுவே ஒரு கால் சைனைப் பிரித்தெடுக்கப் பழகியிருந்த காதுகள் அன்று உறவினர்களைத் தேடுவோரின் செய்திகளைக் கேட்டெழுதின.

இருவர் ஆட்டத்தின் வழக்கமான முறை இது. ஒருவர் ஒரு அலைவரிசையைப் பிடித்து உட்கார்ந்து அழைத்துக்கொண்டே இருப்பார்; வருகிறவர்களை வரிசையாக லாக் என்னும் பதிவேட்டில் ஏற்றுவார். இதை 'ரன்' என்கிறார்கள். மற்றவர் இன்னொரு ரிசீவரில் பிற பேண்டுகளை மெல்லத் துழாவிப் பெருக்கிகளைத் தேடுவார். இருவரின் கணினிகளும் இணைந்திருப்பதால் ஒருவர் கண்டது அடுத்த கணமே மற்றவர் திரையில் தெரியும். வீட்டில் இருப்பது ஒரே டிரான்ஸ்மிட்டர் என்றால் எந்த நேரத்திலும் ஒரே ஒரு சிக்னல்தான் வெளியே போகும். பேண்டு விட்டு பேண்டு தாவுவதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். மனைவி 21 மெகாஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு மூன்று பேர் என்று ஓட்டிக்கொண்டிருக்கும்போது, கணவர் 28-இல் ஒரு புதிய நாட்டைக் கண்டுபிடிக்கிறார். இப்போதே நிறுத்தச் சொல்வதா, பத்து நிமிடம் பொறுப்பதா? நிறுத்தினால் ஓட்டம் குலையும். காலியான அலைவரிசையில் வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். பொறுத்தால் அந்த நாடு மறைந்துபோகலாம்.

நல்ல இணைக்கு இந்த இடத்தில் பேச்சே தேவைப்படுவதில்லை. நாதஸ்வர இணையில் ஒருவர் மூச்சை விடும் புள்ளியில் மற்றவர் ராகத்தை வாங்கிக்கொள்வாரே, அப்படி ஒரு பரஸ்பர அறிவு. ஓட்டத்தில் ஒரு சிறு தொய்வு. இரண்டு அழைப்புக்குப் பதில் இல்லை. அந்த இடைவெளிக்காகவே மற்றவர் விரலை விசையில் வைத்துக் காத்திருக்கிறார். 28-க்குப் போய், ஒரே அழைப்பில் பிடித்து, பழைய இடத்துக்குத் திரும்புகிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு மற்றவர் எப்போது இணங்குவார், எப்போது எரிச்சலடைவார் என்று தெரியும். அந்த அறிவு வேறெந்த அணிக்கும் எளிதில் வாய்க்காது.

இதைவிட அழகான ஒரு நகர்வும் உண்டு. ஓட்டத்தின் நடுவே அரிதான நாடு ஒன்று தானாக வந்து அழைக்கிறது. எண்களைப் பரிமாறிய கையோடு, "28-க்கு வர முடியுமா?" என்று ஒரு கேள்வி. அவர் சம்மதித்தால் அலைவரிசை ஒன்றைக் குறித்துக்கொண்டு இருவரும் அங்கே போகிறார்கள். இரண்டே நிமிடத்தில் அடுத்த பேண்டிலும் அதே நாடு. கேட்கும் குரலில் அவசரமும் வேண்டும், பணிவும் வேண்டும். மறுமுனையில் இருப்பவருக்கும் தன் ஓட்டம் முக்கியம் அல்லவா?

பைல்-அப் என்னும் கூட்டத்தைக் கையாள்வதுதான் உச்சம். ஒரே சமயத்தில் முப்பது பேர் கத்துகிறார்கள். அதற்குள்ளிருந்து "லீமா ஆல்ஃபா" என்ற இரண்டு எழுத்து மட்டும் காதில் தங்குகிறது. தேர்ந்த ஆபரேட்டர் அதையே திருப்பிச் சொல்வார், மற்றவர்கள் அடங்குவார்கள். அந்த இரண்டெழுத்தை விட்டுவிட்டு உரத்த வேறொருவருக்குத் தாவினால் கூட்டம் கட்டுப்பாட்டை இழந்துவிடும். பெண் குரல் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு தெளிவாக எட்டுகிறது என்று ஹாம்கள் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். ஓட்டம் மந்தமாகும் மதிய வேளையில் மைக்கை மனைவியிடம் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆனால் அதை வெறும் குரல் உத்தியாகப் பார்ப்பது சரியல்ல. கூட்டத்தை அடக்குவது குரலின் சுருதி அல்ல, அவருடைய தாளம்.

தென்னிந்திய வீட்டில் இந்தப் போட்டிக்கு முன்தயாரிப்பு தனி வகை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை நீளக் கம்பி சுமார் 20 மீட்டர், 14-க்குச் சுமார் 10 மீட்டர். மொட்டை மாடியில் அதற்கு இடம் கிடைக்கும்; 1.8-க்கு வேண்டிய 80 மீட்டருக்குத் தெருவே போதாது. மிக்சியின் மோட்டார், மலிவான எல்இடி பல்புகள், இன்வெர்ட்டர் எல்லாமே ரிசீவரில் இரைச்சலைக் கொட்டும். எனவே மாவு வெள்ளிக்கிழமையே அரைபட்டுவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் மின்னல் கீழ் பேண்டுகளைப் படபடக்க வைக்கும். இடி நெருங்கினால் எத்தனை அருமையான ஓட்டமானாலும் ஆன்டெனா கேபிளைக் கழற்றத்தான் வேண்டும்.

யார் எப்போது தூங்குவது என்பதைச் சூரியன் தீர்மானிக்கிறது. பகலில் வளிமண்டலத்தின் 'டி' அடுக்கு தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். இரவில் அது கரைந்ததும் 7 மெகாஹெர்ட்ஸ் ஐரோப்பாவரை நீளும். உயர் பேண்டுகளுக்கு வெயில் வேண்டும். காலையில் கிழக்கே ஜப்பான், பிற்பகலில் மேற்கே ஐரோப்பா. வட அமெரிக்கா நமக்கு ஏறக்குறைய பூமியின் மறுபக்கம் என்பதால், சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒட்டிய சிறு சாளரங்களை இருவருமே விழித்திருந்து பிடிக்கிறார்கள். நடுப்பகல் மந்தத்தில் ஒருவர் படுத்துக்கொள்ளலாம்.

தம்பதியராக ஹாம் உலகில் நிலைத்த பெயர் அமெரிக்காவின் லாயிட் கொல்வின், ஐரிஸ் கொல்வின். W6KG, W6QL என்ற கால் சைன்களுக்குரிய இவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து இயங்கிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்புகளைச் செய்தவர்கள். இந்தியாவில் ராஜீவ் காந்தி VU2RG, சோனியா காந்தி VU2SON. போட்டியாளர்களாக அறியப்பட்டவர்கள் அல்லர் என்றாலும் கணவனும் மனைவியும் உரிமம் வைத்திருந்த வீடு அது.

இருவர் சேர்ந்து ஆடுவதை ஒரு தூய கலையாகவே மதிக்கும் மேடையும் உலகில் உண்டு. WRTC என்ற உலக ஹாம் அணிப் போட்டி 1990-இல் சியாட்டிலில் தொடங்கியது, அணிக்கு இருவர்தான். 2014-இல் பாஸ்டன் வட்டாரத்தில் 59 அணிகள், எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆன்டெனா, 100 வாட், 24 மணி நேரம். கருவிகளின் ஏற்றத்தாழ்வை நீக்கிவிட்டு ஆளின் திறமையை மட்டும் எடைபோடும் ஏற்பாடு.

சிக்யூ வேர்ல்டு வைடில் போட்டி முடிந்த 5 நாட்களுக்குள் லாகை அனுப்ப வேண்டும். பிறகு கணினி ஒவ்வொரு வரியையும் எதிர்முனையின் லாகோடு ஒப்பிடும். ஓர் எழுத்தைத் தவறாகக் கேட்டிருந்தாலும் அந்தத் தொடர்பு போகும், மேற்கொண்டு தண்டமும் விழும். வேகத்துக்காகக் காதை ஏமாற்றியவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். இந்தக் கடுமைதான் ஆட்டத்துக்கு மரியாதையைத் தேடித் தருகிறது.

கேட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்குக் கருவிகூடத் தேவையில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் ஷார்ட்வேவ் ரிசீவர் ஒன்றை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது, கைபேசியிலேயே திருப்பலாம். அக்டோபர் கடைசி வார இறுதியில் 14.150 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே எங்காவது ஓட்டத்தில் இருக்கும் ஒரு நிலையத்தைப் பிடித்துக் கால் மணி நேரம் அதிலேயே நில்லுங்கள். நடுவே ஆண் குரல் போய்ப் பெண் குரல் வந்தால், மாறுவதற்கு முன்னும் பின்னும் நிமிடத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.