குறி சொல்லும் உடல்

முதுகலை படித்த நாட்களில் எங்கள் விடுதியில் ஒரு விளையாட்டு இருந்தது. மாடியில் நின்றுகொண்டு, எதிரே பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஆண்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோம். மூக்கு எப்படி, விரல் எவ்வளவு நீளம், செருப்பு என்ன அளவு என்று பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு. எதைப் பற்றிய தீர்ப்பு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. எல்லோருக்கும் புரியும்.

ஒருத்தி மட்டும் இதில் சேரமாட்டாள். சில வாரங்களுக்கு முன்புதான் அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வந்தவர்களில் வயதான ஓர் அம்மாள், "கொஞ்சம் நடந்து வாம்மா" என்று சொல்லிவிட்டு அவள் காலையே பார்த்தாராம். கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். "புருஷனை அடக்கி ஆளுவா" என்று பேச்சு முடிந்தது. காபி டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். "என் கால்விரலைப் பார்த்து அவங்க சொன்னது தப்புன்னா, நீங்க சொல்றது மட்டும் எப்படிடி சரியாகும்?" என்று ஒருநாள் கேட்டாள். அதன் பிறகும் விளையாடினோம். சிரிப்பு மட்டும் பழையபடி வரவில்லை.

இந்தக் கட்டுரை அவளுடைய கேள்விக்கு நான் தாமதமாக எழுதும் பதில்.

தமிழில் 'குறி' என்பது விசித்திரமான சொல். அடையாளமும் குறி, பிறப்புறுப்பும் குறி, வரப்போவதைச் சொல்வதும் குறி. உறுப்பையே அடையாளமாக்கிவிட்ட பிறகு, அந்த அடையாளத்துக்கு முகத்திலும் கையிலும் இன்னொரு அடையாளம் தேடுகிறோம். இந்தத் தேடலின் வரலாற்றைப் புரட்டினால், யார் யாரைப் படிக்கிறார்கள் என்பது தெளிவாகும்.

காமசூத்திரம் ஆண்களை உறுப்பின் அளவை வைத்து முயல், காளை, குதிரை என்றும், பெண்களை மான், பெண்குதிரை, பெண்யானை என்றும் பிரிக்கிறது. அளவு ஒத்த கூடல்கள் மூன்று, ஒவ்வாதவை ஆறு. ஒத்ததே சிறந்தது என்கிறார் வாத்ஸ்யாயனர். ஆனால் ஒவ்வாதவற்றுள் ஆண் பக்கம் பெரிதாக இருப்பதற்கே முன்னுரிமை தருகிறார். சமத்துவம் பேசத் தொடங்கிய வாக்கியம் பாதியிலேயே திரும்பிவிடுகிறது. பிற்காலத்து ரதிரகசியமும், அதன் வழியில் அதிவீரராம பாண்டியர் பெயரில் தமிழில் வழங்கும் கொக்கோகமும் பத்மினி, சித்தினி, சங்கினி, அத்தினி என்று பெண்ணின் கண், நடை, மணம் எல்லாவற்றையும் பட்டியலிடுகின்றன. அந்தப் பட்டியல் கையில் இருக்கவேண்டியது ஆணுக்குத்தான் என்பதில் அந்நூல்களுக்கு ஐயமே இல்லை.

6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத்சம்கிதை இன்னும் சுவாரசியமானது. ஆணின் அங்க லட்சணங்களைச் சொல்லும் அத்தியாயத்தில் ஆண்குறியும் வருகிறது. சிறியதாக இருந்தால் செல்வம் உண்டு, பிள்ளை இல்லை; பருத்திருந்தால் பொருள் இல்லை என்பது அதன் கணக்கு. இன்றைய ஆண்பிள்ளைப் பெருமைக்கு இது நேர் எதிர். அதாவது, பெரிதுதான் ஆண்மை என்பது காலங்காலமாக இருந்துவரும் இயற்கை உண்மை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதே நூல் பெண்ணுக்கு வரும்போது கேள்வியே மாறிவிடுகிறது. ஆணின் உடல் அவனுடைய எதிர்காலத்தைச் சொல்கிறது. பெண்ணின் உடலோ கணவனுக்கும் மாமனாருக்கும் கேடு வருமா என்பதைச் சொல்லவேண்டியிருக்கிறது. என் தோழியின் கால்விரலைப் பார்த்த அம்மாள் இந்த நூலைப் படித்திருக்கமாட்டார். படிக்கத் தேவையும் இல்லை. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் சாமுத்திரிகா லட்சணப் புத்தகங்களும் வீட்டுப் பேச்சுகளும் அந்தப் பார்வையை அவரிடம் கொண்டுசேர்த்துவிட்டன.

அறிவியல் இதற்கு என்ன சொல்கிறது? செருப்பின் அளவுக்கும் ஆண்குறியின் நீளத்துக்கும் தொடர்பு உண்டா என்று பிரிட்டனில் 104 ஆண்களை அளந்து பார்த்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். தொடர்பு இல்லை. தென்கொரியாவில் 144 ஆண்களிடம் சுட்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உள்ள விகிதத்தை அளந்த 2011ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு தொடர்பு கிடைத்தது, ஆனால் பலவீனமானது. ஜப்பானில் 126 ஆண் சடலங்களை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வு மூக்கின் அளவோடு ஒரு தொடர்பைச் சொன்னது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 15,521 ஆண்களின் அளவுகளைப் பார்த்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரைதான் இவற்றில் பெரியது. விறைத்த நிலையில் சராசரி நீளம் 13.12 சென்டிமீட்டர். உயரத்தோடு பலவீனமான அல்லது மிதமான தொடர்பு மட்டுமே ஓரளவு திரும்பத் திரும்பக் கிடைத்தது.

இந்த இடத்தில் கவனம் வேண்டும். 100 பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் போக்கு, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒருவனைப் பற்றி எதுவும் சொல்லாது. தொடர்பு எண் 0.3 என்றால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 9 சதவீதத்தை மட்டுமே அது விளக்குகிறது. மீதி 91 சதவீதத்தில்தான் அந்த மனிதன் இருக்கிறான். ஆனால் செய்தியாக வெளிவரும்போது இந்த எச்சரிக்கை உதிர்ந்து, "விரலைப் பார்த்தாலே தெரியும்" என்பது மட்டும் மிஞ்சும். பழைய சாமுத்திரிகம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வரும்.

இதையெல்லாம் அறிய விரும்புவது யார்? பெண்களுக்காகத்தான் என்று சொல்லப்படுகிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வு 52,031 ஆண் பெண்களிடம் கேட்டது. துணைவரின் அளவில் நிறைவாக இருப்பதாகச் சொன்ன பெண்கள் 85 சதவீதம். தன் அளவில் நிறைவாக இருப்பதாகச் சொன்ன ஆண்கள் 55 சதவீதம். அவர்கள் பயப்படும் தீர்ப்பைப் பெரும்பாலும் பெண்கள் எழுதவில்லை. ஆண்கள் ஒருவரையொருவர் அளந்துகொண்டு, அளவுகோலை நம் கையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து 'ஆண்மைக் குறைவு'க்கு லேகியம் விற்பவர்களின் பிழைப்பு ஓடுகிறது. படுக்கையறையில் அந்தப் பயம் கோபமாகவும் சந்தேகமாகவும் அடியாகவும் மாறும்போது அதைத் தாங்குவது மனைவியின் உடல்.

உடலைப் படிப்பது விளையாட்டாக மட்டும் முடிவதில்லை. தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் பெண்ணான சாரா பார்ட்மன் ஐரோப்பாவில் தன் பின்புறத்துக்காகக் காட்சிப்பொருளாக்கப்பட்டார். 1815இல் அவர் பாரிஸில் இறந்ததும், குவியே என்ற விஞ்ஞானி உடலை அறுத்துப் பிறப்புறுப்பைப் பதப்படுத்தி வைத்தார். அவருடைய எச்சங்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பியது 2002இல்தான். அமெரிக்காவில் கறுப்பின ஆணின் உடலைப் பற்றிய வெள்ளையரின் கற்பனை அவனை மரத்தில் தொங்கவிட்டது. 1934இல் ஃபுளோரிடாவில் கிளாட் நீல் கொல்லப்பட்டபோது அவருடைய உறுப்பையும் வெட்டினார்கள். வெள்ளைப் பெண்ணின் மானத்தைக் காப்பதாகச் சொல்லிச் செய்யும் இந்தக் கொலைகள் பொய்யின் மேல் நிற்கின்றன என்று 1892இலேயே எழுதியவர் ஐடா பி. வெல்ஸ், ஒரு கறுப்பினப் பெண். தங்கள் பெயரைச் சொல்லி நடப்பதைப் பெண்களே மறுக்கவேண்டும் என்பதற்கு அவரைவிட நல்ல முன்னோடி நமக்கு இல்லை.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. மூக்கையும் விரலையும் செருப்பையும் அளந்த இதே மருத்துவ உலகம், பெண்ணின் இன்ப உறுப்பான கிளிட்டோரிஸின் முழு வடிவத்தைப் பாடநூல்கள் பிழையாகக் காட்டுகின்றன என்பதை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் எழுதிய பிறகுதான் கவனித்தது. அவருடைய கட்டுரை 1998இல் வந்தது. வெளியே தெரிவது சிறு நுனி, பெரும்பகுதி உள்ளே இருக்கிறது. 2005இல் எம்.ஆர்.ஐ. படங்களோடு மீண்டும் எழுதினார். பல பெண்களுக்கு உச்சம் இந்த உறுப்பின் வழியாகவே வருகிறது. ஆண்குறியின் நீளத்துக்கு அதில் பெரிய வேலை இல்லை. இதைத் தெரியாமலே திருமணமாகி, பிள்ளை பெற்று, பாட்டியாகிப் போன பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

தோழியின் கேள்விக்கு வருகிறேன். அவள் கால்விரலைப் பற்றி அந்த அம்மாள் சொன்னது தப்பு. நாங்கள் மாடியில் நின்று சொன்னதும் தப்பு. எங்களைப் படித்தவர்களைத் திருப்பிப் படிக்கிறோம் என்ற துணிச்சல் அந்தச் சிரிப்பில் இருந்தது உண்மை. அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் எங்கள் கையில் இருந்தது அவர்களுடைய அளவுகோல். ஒருவரோடு படுப்பதா, வாழ்வதா என்று முடிவெடுக்க ஒரு பெண்ணுக்குத் தெரியவேண்டியவை வேறு. நான் வேண்டாம் என்றால் நிறுத்துவானா? எனக்கு எது பிடிக்கும் என்று கேட்பானா? கேட்டால் சொல்லும் தைரியம் எனக்கு இருக்கிறதா? இவற்றுக்கு மூக்கிலோ விரலிலோ குறி கிடையாது. பேசித்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அந்தப் பேச்சைப் பேச எங்களுக்கு அந்த விடுதியில் வார்த்தைகள் இருக்கவில்லை. அதனால்தான் மாடியில் நின்று செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.