யுங்கின் உளவியலும் அளவை நெறியும்

மாத்தளையை அடுத்த அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. அதன் ஒரு கூறாகிய அபிதம்மம் உள்ளத்தின் இயல்பைப் பகுத்து ஆராய்வது. ஆதலின் உளவாராய்ச்சி இம்மண்ணுக்குப் புதியதன்று. 1938இல் அயலிலுள்ள கண்டிக்கு வந்து தலதா மாளிகை வழிபாட்டைக் கண்டு சென்ற சுவிற்சர்லாந்து மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961) வகுத்த பகுப்பாய்வு உளவியலோ, விஞ்ஞானம் என்னும் பெயரை உரிமை கொண்டாடுவது. அவ்வுரிமை எத்துணைப் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

யுங்கின் தொடக்கப் பணி விஞ்ஞான நெறியைச் சார்ந்ததே. சூரிச் நகர மனநோய் மருத்துவமனையில், ஒருவரிடம் சொற்களை ஒவ்வொன்றாகக் கூறி, அவர் மறுசொல் கூற எடுத்த நேரத்தை அவர் அளந்தார். தாமதம் நேர்ந்த இடத்தில் மறைந்த உணர்ச்சிச் சிக்கலைத் தேடினார். இச்சோதனையை எவரும் மீண்டும் செய்து பார்க்கலாம், பிழையெனின் மறுக்கலாம்.

பிற்காலக் கோட்பாடு அத்தகையதன்று. மாந்தர் அனைவர்க்கும் பொதுவான நனவிலி மனம் ஒன்றுண்டு, அதில் தொல்படிமங்கள் உறைகின்றன என்றார் யுங். ஞாயிற்றிலிருந்து தொங்கும் உறுப்பே காற்றைப் பிறப்பிக்கிறது என்று நோயாளி ஒருவர் கூறியதையும், பண்டைய கிரேக்க ஏடொன்றில் அதனையொத்த காட்சி இருந்ததையும் சான்றாகக் காட்டினார். அவ்வேடு அடங்கிய நூல் 1910இல் வெளிவந்தது. நோயாளி அதற்கு முன்னரே கூறினார் என்பது அவர் வாதம். ஆயின் அந்நூலின் முதற்பதிப்பு 1903இலேயே வெளிவந்திருந்தது.

சைவசித்தாந்தம் கொள்ளும் அளவைகள் காட்சி, கருதல், உரை என மூன்று. தொல்படிமம் காட்சிக்கு எட்டாதது என்பதை யுங்கே ஒப்புவர், எஞ்சுவது கருதலே. புகை நெருப்பின்றிப் பிறவாது. ஆகவே புகைகொண்டு நெருப்பைத் துணியலாம். கனவுக்கும் பழங்கதைக்கும் உள்ள ஒற்றுமையோ கேள்வியாலும் கல்வியாலும் பொதுவான வாழ்வனுபவத்தாலும் வரக்கூடும். ஏது ஐயுறத்தக்கதாயின் துணிபும் ஐயுறத்தக்கதே.

இக்கோட்பாட்டின் மெய்யியல் அடிப்படை கான்ற் என்னும் ஜெர்மானிய அறிஞரின் கருத்தே: தோற்றத்தை அறியலாம், தோன்றும் பொருளை உள்ளவாறு அறியவியலாது. அவ்வாறே தொல்படிமத்தின் சாயல்களன்றி அதன் இயல்பு அறியப்படாது என்றார் யுங். மறுப்பதற்கு வழி காட்டாத கூற்று விஞ்ஞானமாகாது என்பது கார்ல் பொப்பர் வகுத்த வரம்பு. அறியவொண்ணாததெனத் தாமே வரையறுத்ததைச் சோதனையின் முடிவெனக் கூறுதல் இவ்வரம்புள் அடங்காது.

1932இல் யுங் சூரிச்சிற் குண்டலினி யோகம்பற்றி விரிவுரையாற்றியதைக் காட்டி, மேனாட்டு விஞ்ஞானம் யோகநெறியை மெய்ப்பித்தது என மகிழ்தல் தகாது. தன்னை நிறுவிக்கொள்ளாத கோட்பாடு பிறிதொன்றை நிறுவுமாறு எங்ஙனம்? கனவுக்கும் புராணத்துக்கும் பொருள்காணும் மெய்யியலாக அதனைக் கற்பதே முறை. அந்நிலையில் அது பெரிதும் பயன்தரும்.