ஸ்டெபிலைசரா, டிரிப் சுவிட்சா?

இலங்கையிலும் இந்தியாவிலும் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒன்றுதான்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆறு சதவீதம் ஏறலாம், இறங்கலாம்; அதாவது 216க்கும் 244க்கும் நடுவே நிற்க வேண்டும். மதுரையில் வாங்கிய வாஷிங் மெஷினை வவுனியாவில் வைத்தாலும் ஓடும். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் மெஷின் கதை வேறு. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. பழைய வகை மோட்டார் வேகம் குறைந்து சூடேறும். அப்படி ஒன்றை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது.

இரு கரைகளுக்கும் முதல் வித்தியாசம் பிளக்கில். இந்தியாவில் உருண்டைப் பின்: சின்னது 6 ஆம்ஸ், பெரியது 16 ஆம்ஸ். தண்ணீரைச் சூடாக்கும் ஃபிரண்ட் லோடில் ஹீட்டர் மட்டுமே 2000 வாட் வரை இருக்கும். கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன பாயிண்ட்டில் செருகினால் சாக்கெட் கருகும். இலங்கையில் உருண்டைப் பின்னும் சதுரப் பின்னும் கலந்து கிடந்த காலம் போய், இப்போது 13 அம்பியர் சதுரப் பின்தான் தேசியத் தரம். அந்தப் பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் உண்டு. எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம். அது உள்ளே போனால்தான் மற்ற துளைகளின் மூடி திறக்கும். அத்தனை யோசித்துச் செய்த சாக்கெட்டில், இரண்டு பின் பிளக்கைச் செருகுவதற்காக எர்த் துளைக்குள் பேனா மூடியைக் குத்துகிற வீடுகளைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

தமிழ்நாட்டு வீட்டின் பெரிய பயம் லோ வோல்டேஜ். கோடையில் ஊரே ஏசி போடும் நேரத்தில் 180 வரை இறங்கினால் என்ன ஆகும்? ஹீட்டரின் திறன் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 2000 வாட் ஹீட்டர் 1200 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். மோட்டார் நனைந்த துணியைச் சுழற்றத் திணறும், அதிகக் கரண்ட் இழுக்கும், சுருள் சூடாகும். அதனால்தான் ஸ்டெபிலைசர். த்ரீ ஃபேஸ் வீடுகளில், "அந்த ஃபேஸ் டல்லா இருக்கு, மாத்திப் போடுங்க" என்று சுவிட்சைத் திருப்புவதும் வழக்கம். இலங்கையில் பெரும்பாலான வீடுகளுக்கு 30 அம்பியர் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. இப்படி மாற்றிப் போட வழியில்லை. புதிய இன்வெர்ட்டர் மாடல்கள் பலவும் ஏற்ற இறக்கத்தை ஓரளவு தாமே தாங்குகின்றன. வாங்கும்போது பின்பக்க லேபிளில் உள்ள வோல்டேஜ் வரம்பைப் படித்தால் தனி ஸ்டெபிலைசர் செலவு மிஞ்சலாம்.

இலங்கை வீட்டில் மீட்டருக்கு அருகே கட்டாயம் இருப்பது டிரிப் சுவிட்ச். 30 மில்லி அம்பியர் கரண்ட் கசிந்தாலே விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதன் அவசியம் எர்த் கம்பி இறங்கும் மண்ணில் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே அடித்த எர்த் கம்பிக்கு 50 ஓம் தடை என்று வையுங்கள். காய்ந்த மண்ணில் அது அசாதாரணமல்ல. மெஷினின் உடலில் லைன் பட்டால் ஓடும் கரண்ட் 4.6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பிரேக்கர் அசையாது, ஃபியூஸும் போகாது. எர்த் இருந்தும் மெஷினின் உடலில் மின்சாரம் நிற்கும். அதைப் பிடிப்பது டிரிப் சுவிட்ச் ஒன்றுதான். தமிழ்நாட்டு வீட்டு எர்த்துக்கும் இதே கணக்குதான். ஆனாலும் அங்கே பழைய வீடுகள் பலவற்றில் டிரிப் சுவிட்ச் இல்லாமலே பாத்ரூம் ஓரத்தில் மெஷின் ஓடுகிறது.

"லேசா சுர்ருன்னுது, செருப்பப் போட்டுட்டு எடு" என்று மதுரையிலும், "செருப்பைப் போட்டுக்கொண்டு உடுப்பை எடு பிள்ளை" என்று யாழ்ப்பாணத்திலும் சொல்கிறார்கள். எர்த் இணைப்பு இல்லாத மெஷினில் உள்ளிருக்கும் மின் இரைச்சல் ஃபில்டரின் கெபாசிட்டர்கள் வழியே அதன் உடலுக்கு ஏறக்குறைய 115 வோல்ட் வரும். கரண்ட் மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் அறுந்திருக்கிறது என்று மெஷின் சொல்லும் ஒரே வார்த்தை அது. செருப்பு அதைக் கேட்காமல் செய்கிறது. நாளை ஹீட்டரின் உறை வெடித்தால் அதே உடலில் முழு 230 நிற்கும்.

ஸ்டெபிலைசர் மெஷினைக் காக்கிறது, டிரிப் சுவிட்ச் ஆளைக் காக்கிறது. கையில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் தமிழ்நாட்டு வீடு முதலில் டிரிப் சுவிட்சை வாங்க வேண்டும். இலங்கையில் வேறு சிக்கல்: மெஷின் போட்டதும் டிரிப் விழுந்துகொண்டே இருந்தால், அந்த சுவிட்சைத் தாண்டி நேரே கம்பி கொடுத்துவிடும் வேலை நடக்கிறது. அப்படி விழுவது பெரும்பாலும் ஈரம் ஏறிய ஹீட்டராலோ நைந்த வயராலோதான். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் குற்றவாளி மெஷினா வீட்டு வயரிங்கா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சுவிட்சின் மேல் 'டெஸ்ட்' பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.