டனல் வியூ: மரத்தை வெட்டினால் போதுமா?

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா என்றதும் நினைவுக்கு வரும் படம் பெரும்பாலும் ஒரே இடத்தில் எடுத்ததுதான். இடப்பக்கம் எல் கேப்பிடன், வலப்பக்கம் பிரைடல்வெய்ல் அருவி, தூரத்தில் ஹாஃப் டோம். 1933இல் வவோனா சுரங்கப்பாதை திறந்தபோது, அதன் கிழக்கு வாயிலில் உருவான இந்த இடத்துக்கு டனல் வியூ என்று பெயர்.

2008இல் யோசெமிட்டி ஃபண்ட் திரட்டிய நன்கொடையின் உதவியோடு இதைச் சீரமைத்தார்கள். நடப்பவர்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவே இருந்த நெருக்கடியைக் குறைத்தார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களும் நின்று பார்க்க வழி செய்தார்கள். இதெல்லாம் நல்ல வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் சந்தேகம் இன்னொரு வேலை பற்றியது. காட்சியை மறைத்த மரங்களை வெட்டி, பழைய காட்சியை 'மீட்டார்கள்'. எந்தப் பழைய காட்சி? 1933இல் தெரிந்தது. ஆனா பள்ளத்தாக்கு அதுக்கும் ரொம்ப முன்னாடியே திறந்த வெளியாக இருந்தது. அது தானாக அப்படி இருக்கவில்லை. அங்கே வாழ்ந்த அவானீச்சி மக்கள் புல்வெளிகளுக்குத் திரும்பத் திரும்பத் தீ வைத்தார்கள். அவர்களுக்கு உணவு தந்த கருப்பு ஓக் மரங்கள் அதனால் செழித்தன, ஊசியிலை மரங்கள் அடங்கி நின்றன. 1851இல் மாரிபோசா படை உள்ளே புகுந்து அவர்களை விரட்டியது. பிறகு அந்தத் தீயும் நின்றது. காட்டுத்தீ எங்கே எழுந்தாலும் அணைப்பதே கொள்கையானது. ஊசியிலை மரங்கள் புல்வெளிக்குள் வந்தன. டனல் வியூ சரிவில் வளர்ந்த ஒவ்வொரு மரத்துக்கும் இதுதான் காரணம்னு நான் சொல்லல. ஆனால் அங்கிருந்து கீழே பார்க்கிற பள்ளத்தாக்கின் கதை இது.

அப்படிப் பார்த்தால், காட்சி என்பது ஒருமுறை கட்டி முடிக்கிற பொருள் இல்லை, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. கல்சுவர் பல பத்தாண்டுகள் நிற்கும். வெட்டிய இடத்தில் மரக்கன்று அடுத்த சில வருஷத்திலேயே எட்டிப் பார்க்கும். நன்கொடைக்கு இங்கேதான் சிக்கல். திறப்பு விழா வைக்க முடிந்த வேலைக்குப் பணம் சேரும். வருஷா வருஷம் கன்று பிடுங்குறதுக்கும் அளவாகத் தீ வைக்கிறதுக்கும் யார் கொடுப்பாங்க?

1970இலிருந்து பூங்கா நிர்வாகமே திட்டமிட்டுத் தீ வைக்கிறது. அந்த அறிவு முதலில் யாருடையது என்பதையும் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். அடுத்த முறை நன்கொடை திரட்டினால், ஒரு பகுதியை நிரந்தர வைப்பு நிதியாக ஒதுக்கி, அந்த மக்களின் வழித்தோன்றல்களையும் சேர்த்துக்கொண்டு இந்த வேலையைத் தொடரலாம். புதிய நடைமேடையைவிட அதுதான் இந்தக் காட்சிக்கு அவசரத் தேவை என்பேன்.