கருணையா? மக்கள் கையா?

பில்கணன் கதை தமிழ்நாடு நன்கறிந்த கதை. அரசன் மகளுக்குப் பாடம் சொல்ல வந்தவன் அவளைக் காதலித்தான். கொலைத் தண்டனை பெற்றான். அவன் பாட்டைக் கேட்டு மன்னன் மனம் இளகிற்று. மன்னிப்பும் கிடைத்தது, மங்கையும் கிடைத்தாள். உயிரைப் பறிக்க நினைப்பவனும் அரசன், பிச்சையாகத் தருபவனும் அரசன்! மக்கள்? வேடிக்கை பார்க்கும் கூட்டம்!

அந்த வடமொழிக் கதையைப் புதுவைக் கவிஞர் பாரதிதாசன் 1937-இல் ‘புரட்சிக்கவி’யாக்கினார். கதையைத் தழுவினார், கருத்தைத் தழுவினாரில்லை. அவர் படைத்த உதாரன் மன்னனிடம் மண்டியிடவில்லை. கொலைக்களத்தில் திரண்ட மக்களிடம் பேசுகிறான். நாட்டை உழைத்து உருவாக்கியவர் யார் என்று நினைவூட்டுகிறான். மக்கள் எழுகிறார்கள், மன்னராட்சி மறைகிறது, மக்களாட்சி மலர்கிறது.

இந்த மாற்றத்தின் மதிப்பை அறிய, நூலை அதன் ஊரோடும் ஆண்டோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். 30-7-1936 அன்று புதுவையில், வேலைநிறுத்தம் செய்த நெசவாலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் பாய்ந்தன. பன்னிருவர் மாண்டனர். தோழர் வ. சுப்பையா போன்றோர் வளர்த்த இயக்கம் அதனால் மடிந்துவிடவில்லை. 1937 ஏப்ரலில் எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. ஆட்சியாளரின் உள்ளம் உருகியதாலா? அல்ல! ஓடாத தறிகள் உரைத்த பாடம் அது.

சட்டமறுப்பை ஆன்மபலம் என்பார் உளர். அடிபடுவோன் பொறுமை கண்டு அடிப்போன் மனம் மாறுவான் என்பது அவர்தம் நம்பிக்கை. நாம் கேட்கிறோம்: இது பில்கணன் வழியன்றோ? ஆளுவோன் கருணையை எதிர்பார்ப்பது பக்தி. அவனுக்கு உழைப்பையும் வரியையும் பணிவையும் தர மறுப்பது போராட்டம். 1930-இல் உப்புக் காய்ச்சிய கைகளின் வலிமையும், ஆலை நிறுத்திய கைகளின் வலிமையும் இந்த மறுப்பில்தான் இருந்தன. உதாரன் வழி அதுவே.

எனினும், காவியத்தின் குறையையும் கூறத்தான் வேண்டும். ஒரே உரையில் மக்கள் விழிக்கிறார்கள். ஒரே நாளில் முடி சாய்கிறது. வாழ்வில் அப்படி நடப்பதில்லை. சங்கம் அமைத்தவன், பட்டினி கிடந்தவன், துண்டறிக்கை சுமந்தவன் எவனுக்கும் காவியத்தில் இடமில்லை. பன்னிருவர் குருதி சிந்திய பின்னும் பிரெஞ்சுக் கொடி இறங்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

இறங்கிய முறைதான் என்ன? சந்திரநாகூர் மக்கள் 1949-இல் நேரே வாக்களித்தனர். புதுவைக்கோ, 18-10-1954 அன்று கீழூரில் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது; 16-8-1962-இல் சட்டப்படி முழுமை பெற்றது. விடுதலை வந்தது, வரவேற்கிறோம். ஆனால் உதாரன் யாரிடம் பேசினானோ, அந்த மக்களிடம் நேரே கேட்கவில்லையே!

இளைஞர்களே! ‘புரட்சிக்கவி’யைக் காதற்கதையாக மட்டும் மேடையேற்றுவோர் உண்டு. நிலவைப் பாடும் பகுதியில் மயங்கி, கொலைக்களத்தைக் கடந்துவிடுவோரும் உண்டு. நீங்கள் கொலைக்களத்தில் நின்று படியுங்கள். உரிமை உருகிய உள்ளத்திலிருந்து வருவதன்று. மறுக்கத் துணிந்த கையிலிருந்து வருவது!